பாதுகாப்புக்குப் பத்து

ஜூன் 2, திங்கள்

நான்கு மாதம் வீட்டில் சும்மா கிடந்தவனுக்கு வேலை கொடுத்த மனிதரைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் ஜெபமணி அண்ணாச்சி கடை நடத்தும் விதம் சரியில்லை.

ஓசூர் தொழிற்சாலையில் நான் இருந்த அசெம்பிளி லைனை மூடிவிட்டார்கள். காங்கேயத்தில் அம்மா பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்டாள். அப்பா எதுவுமே கேட்கவில்லை. அது இன்னும் மோசம். இப்போது தூத்துக்குடி பைபாஸில் ஒரு டயர் கடையில் சர்வீஸ் இன்சார்ஜ். ஓசூர் ஷிப்ட் நோட்டுப் பழக்கம் விடவில்லை. அதனால் இந்த நாட்குறிப்பு.

அண்ணாச்சி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே முறிந்த வீல் ஸ்டட்கள். சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைக்கும் விரல் நீள மரைக் கம்பிகள். இதன்மேல்தான் நட் ஏறும். பதினேழு இருந்தன.

“மூணு மாசத்துல இவ்வளவு. டயர் மாத்திட்டுப் போறவன் ரெண்டே வாரத்துல ஸ்டட் முறிஞ்சு வந்து நிக்கான். ஊர்பூரா நம்ம பேரு நாறுது தம்பி. இத மட்டும் நிப்பாட்டு. வேற ஒண்ணும் நீ செய்யாண்டாம்.”

“நிறுத்திடலாமுங்க” என்றேன்.

“ஒரு மாசத்துலயா?”

“ஒரு வாரத்துலீங்க.”

சிரித்தார். எதற்கென்று தெரியவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

அறை கிடைத்தது. மூத்த பிட்டர் ரெமிஜியஸ் பார்த்துக் கொடுத்தான். மாடி, கடல் காற்று, குழாயில் உப்புத் தண்ணீர். பாயும் தலையணையும் அவன் வீட்டிலிருந்தே கொண்டுவந்தான். கேட்கவில்லை, கொண்டுவந்தான்.

ஜூன் 5, வியாழன்

மூன்று நாள் பார்த்தேன். போதும்.

காற்றழுத்தத்தில் நட் முறுக்கும் ஏர் கன்தான் வில்லன். நட்டை விரலால் ஸ்டட்டில் ஏற்றிப் பார்ப்பதே இல்லை. கன்னின் வாயில் நட்டை வைத்து நேராக ஸ்டட்டில் முட்டி, டர்ர்ர். மரை சரியாக உட்கார்ந்ததா, கோணலாக ஏறியதா என்று யாருக்குத் தெரியும்? கன்னுக்குத் தெரியாது. அது இரும்பைத் தின்றுகொண்டே இறங்கும். பிறகு இன்னும் ஒரு டர்ர்ர், ‘சும்மா டைட்டுக்கு’. டப்பாவில் இருந்த பதினேழில் பதினாலு இப்படிச் செத்தவை. முறிந்த இடம் முறுக்கிய துணி மாதிரி இருக்கிறது.

சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். நட் முதலில் விரலால் மூன்று சுற்று ஏறவேண்டும். ஏறாவிட்டால் நிறுத்து, மரையைச் சுத்தம் செய், அப்படியும் ஏறாவிட்டால் ஸ்டட்டை மாற்று. ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிராகத்தான் முறுக்கவேண்டும். கன் கழற்ற மட்டும். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில். வைத்த அளவு வந்ததும் அது ‘டக்’ என்று சொல்லும், அத்தோடு கையை எடு. எண்பது கிலோமீட்டர் ஓடியபின் வண்டி திரும்ப வந்து காட்டவேண்டும்.

ரெமி படித்துவிட்டு, “வெளிய எட்டு வண்டி நிக்கி சார். நீங்க நட்டுக்குத் தாலாட்டு பாடச் சொல்லுதிய” என்றான்.

“எட்டும் முறிஞ்சு திரும்பி வராம இருக்கோணுமா, வேண்டாமா?”

“இருக்கோணும்” என்று என்னைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூட வேன் ஒன்று வந்தது. பழைய வெள்ளை வேன். ஓட்டுவது பெர்னதெத் என்ற அம்மாள். எல்லோருக்கும் பெர்னா அக்கா. திரேஸ்புரத்திலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மூன்றாம் மைல் தாண்டிப் பள்ளிக்குப் போகிறார். புருஷன் கடலுக்குப் போகிறவர். வேன் இவர் பெயரில்.

நான்கு டயரும் மாற்றினோம். பிள்ளைகள் ஏறும் வண்டி என்பதால் ரெமியைக் கழற்ற மட்டும் சொல்லிவிட்டு இருபது நட்டையும் நானே முறுக்கினேன்.

ஒன்று சொல்லவேண்டும். ரெமி நட் கழற்றிய ஸ்டட் ஒவ்வொன்றிலும் பிரஷ்ஷால் கிரீஸ் தடவினான். ஏன் என்று கேட்டேன்.

“உப்புக் காத்துல்லா சார். கிரீஸ் வைக்கலன்னா ஆறு மாசத்துல நட்டும் ஸ்டட்டும் புருசன் பெண்டாட்டி மாதிரி ஒட்டிக்கிடும். பெறவு கழத்தும்போதே முறியும். இந்த ஊருல எல்லாப் பயலும் வைப்பான்.”

நல்ல பழக்கம். ஓசூர் லைனில் எல்லாம் புத்தம் புதுசு, உலர்ந்தது. துருவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். புதிதாக ஒன்று கற்றுக்கொண்டேன்.

கம்பெனிப் புத்தகத்தில் இந்த வேனுக்கு முறுக்கு அளவு நூற்றுப்பத்து நியூட்டன் மீட்டர். பிள்ளைகள் வண்டி, மோசமான சாலை. நூற்றிருபது வைத்தேன். பாதுகாப்புக்குப் பத்து. எல்லா வண்டிக்கும் இப்படியே பத்து கூட்டி அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

“திங்கக்கிழமை தோறும் கொண்டுவாங்க அக்கா, நானே செக் பண்றேன்” என்றேன்.

“வாராவாரமா? டாக்டர்ட்ட கூட நான் இப்படிப் போனதில்லையே தம்பி” என்றார். ஆனால் சந்தோஷப்பட்டார்.

ஜூன் 16, திங்கள்

பெர்னா அக்கா வந்தார். ரெஞ்ச் வைத்தேன். ஒவ்வொரு நட்டும் கொஞ்சம் திரும்பிய பிறகுதான் ‘டக்’ என்றது. ஒரே வாரத்தில் இவ்வளவு தளர்ந்திருக்கிறது! பார்க்காமல் விட்டிருந்தால்?

அக்கா ஒரு பையில் நெத்திலி கொடுத்தார். எனக்கு மீன் சுத்தம் செய்யத் தெரியாது. ரெமியிடம் கொடுத்தேன். வறுத்து மதியம் கொண்டுவந்தான். முள்ளோடு தின்னலாம் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 18, புதன்

பதினாறு நாளாக ஒரு ஸ்டட் கூட முறியவில்லை. அண்ணாச்சி எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார்.

அவரிடம் ஒரு சட்டம் போடச் சொன்னேன். கடைசியாக முறுக்குகிறவன் நட்டின் மேல் தன் நிறத்தில் ஒரு பெயின்ட் கோடு போடவேண்டும். எனக்கு மஞ்சள், ரெமிக்கு நீலம், மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு நிறம். யாருடைய கோடு இருக்கும் சக்கரத்தில் ஸ்டட் முறிகிறதோ அவன் வீட்டுக்குப் போகவேண்டும். அண்ணாச்சி யோசித்தார்.

“பிள்ளகுட்டிக்காரனுவ தம்பி.”

“வண்டியில போறவங்களும் அப்படித்தானுங்க.”

சரி என்றார். ரெமி நீல டப்பாவை வாங்கிக்கொண்டு போனான். அவனுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் இந்த வருடம் பத்தாவது. தெரிந்துதான் சொன்னேன். ஒழுங்காக வேலை செய்தால் பயம் எதற்கு?

ஜூன் 23, திங்கள்

வேன். மறுபடி எல்லா நட்டும் கொஞ்சம் இறங்கின. இடது பின்வீலில் மற்றதைவிட அதிகம். நல்லவேளை, நான் விடாமல் பார்க்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

இரண்டு நாள் காய்ச்சல். ரெமியின் மனைவி கஞ்சியும் துவையலும் கொடுத்துவிட்டார்கள். தூக்குவாளியை இன்னும் கழுவிக் கொடுக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

ரெமி எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து நிறுத்தினான். வேனின் இடது பின்வீல்.

“போதும் சார். வாராவாரம் இறங்கிக்கிட்டே போவுது. இது லூசாவல.”

“லூசாகாம பின்ன எதுக்குத் திரும்புது?”

“தெரியல. கைக்கு ஒரு மாதிரி இருக்கு. மெழுகுல முறுக்குத மாதிரி.”

“கைக்கு ஒரு மாதிரிங்கறதெல்லாம் அளவே இல்லீங்க. ரெஞ்ச் சொல்றதுதான் அளவு.”

கையை எடுத்துக்கொண்டான். ‘டக்’ வரும்வரை முறுக்கினேன். வந்தது.

ஜூலை 2, புதன்

ஸ்பேர் பார்ட்ஸ்காரரோடு இரண்டு மணி நேரம் வீண். நான் இல்லாதபோது பெர்னா அக்கா பஞ்சருக்கு வந்து போயிருக்கிறார். இடது பின்வீல். ரெமி மாட்டி அனுப்பினானாம். மாலையில் அதைப் பற்றி ஏதோ சொன்னான், ஸ்டட் சரியில்லை, மாற்றவேண்டும், கையிருப்பு இல்லை என்று. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

நெரிசல். பதினான்கு வண்டி. பெர்னா அக்கா மதியம் வந்து நின்றார், ரெமி வரச் சொன்னானாம். சனிக்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

காலை எட்டே காலுக்குப் போன். மூன்றாம் மைல் பக்கத்தில் வேன் நின்றுவிட்டது. பின்னால் ‘கடக் கடக்’ என்று சத்தம் கேட்டதும் அக்கா ஓரம் கட்டி, பன்னிரண்டு பிள்ளைகளையும் இறக்கிப் புளிய மரத்தடியில் உட்காரவைத்துவிட்டுப் போன் செய்திருக்கிறார். போய்ப் பார்த்தேன். இடது பின்வீலில் ஐந்தில் இரண்டு ஸ்டட் முறிந்திருந்தன. மூன்றாவது கையோடு வந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடியிருந்தால் சக்கரம் தனியாகப் போயிருக்கும். அந்தச் சாலையில் உப்பு லாரிகள் எந்த வேகத்தில் வருகின்றன என்று எனக்குத் தெரியும்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பையன் என்னைப் பார்த்து, “மெக்கானிக் மாமா, இன்னைக்கு ஸ்கூல் லீவா?” என்றான்.

நட்டில் நீலக் கோடு.

கடையில் அண்ணாச்சி எல்லோரையும் நிற்கவைத்தார். “யாருல போட்டது?”

“நாந்தான் அண்ணாச்சி” என்றான் ரெமி.

“ரெஞ்ச் வச்சியா?”

“வைக்கல. கைஸ்பானர்ல மெதுவாத்தான் முறுக்குனேன்.”

“சட்டப்படி ரெஞ்ச் வச்சிருக்கணுமுங்க” என்றேன் நான். அது உண்மைதான்.

ரெமி என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பவன் போல. நான் கையிலிருந்த நட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி அவனைப் போகச் சொன்னார். அவன் பெயின்ட் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு போனான்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

முறிந்த சக்கரத்துக்கு மட்டும் மூன்று ஸ்டட் வெளியே வாங்கிப் போட்டு, வேனை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 5, சனி

வேலை நடந்தது. மதியம் கடையில் யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. தூக்குவாளி அறையில் இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதவேண்டும்.

கடை விடுமுறை. சாவி என்னிடம் இருந்ததால் காலையில் போய்த் திறந்தேன். முறிந்த ஸ்டட்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். டப்பாவில் இருப்பவை போல இவை முறுக்கி முறியவில்லை. முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு இடுப்பு. ஜவ்வு மிட்டாயை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நடுவில் எப்படி மெலியும், அப்படி. முறுக்கினால் இப்படி ஆகாது. இழுத்தால்தான் ஆகும்.

நட் முறுக்குவது என்பதே ஸ்டட்டை இழுப்பதுதான். இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்.

சக்கரம் பூட்டும் பழைய ஹப் ஒன்றில் புது ஸ்டட் அடித்தேன். நீளம் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். உலர்ந்த மரையில் நூற்றுப்பத்து வைத்து முறுக்கினேன். கழற்றி வெர்னியரில் அளந்தால் ஐம்பத்திரண்டுதான். இன்னொரு ஸ்டட்டில் ரெமி தடவுவது போலவே கிரீஸ் தடவி நூற்றிருபது வைத்தேன். அரை மில்லிமீட்டரில் கால் பங்கு நீண்டிருந்தது. திரும்ப முறுக்கினேன். நட் கொஞ்சம் இறங்கி ‘டக்’ என்றது. இன்னும் நீளம். மூன்றாவது முறை, இன்னும்.

கிரீஸ் இருந்தால் நட் வழுக்கிக்கொண்டு இறங்கும். உரசலில் தீரவேண்டிய பலமெல்லாம் ஸ்டட்டை இழுக்கப் போகும். புத்தகத்திலிருக்கும் எண் உலர்ந்த மரைக்கு. அதற்கு மேல் நான் ஒரு பத்து வேறு வைத்தேன். திங்கள்தோறும் நட் தளரவில்லை. ஸ்டட் நீண்டுகொண்டிருந்தது. நானே வாராவாரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கொன்றுகொண்டிருந்தேன். நீலக் கோடு அந்தச் சாவின்மேல் கடைசியாக விழுந்தது, அவ்வளவுதான்.

இந்த நோட்டைத் திருப்பினேன். ஜூலை 2: ‘ஏதோ சொன்னான். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.’ ஜூலை 3: ‘சனிக்கிழமை வாருங்கள்.’ என் கையெழுத்துதான். வெள்ளிக்கிழமை ரெமி என்னைப் பார்த்தபோது இரண்டும் எனக்கு நினைவிருந்தன. மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். யாரும் படிக்கப்போவதில்லை. ஆனால் நினைவிருந்தது.

வேனின் மற்ற பதினேழு ஸ்டட்டும் நான் இழுத்தவைதான். நாளை காலை ஏழரைக்கு அதில் பிள்ளைகள் ஏறுவார்கள்.

பைக்கை எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் போனேன். வேன் வீட்டு முன்னால் செங்கல் அடுக்கின்மேல் நின்றது. நான்கு சக்கரமும் தரையில் படுத்திருந்தன. ரெமி ஒரு ஹப்பில் சுத்தியலால் பழைய ஸ்டட்டைத் தட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். பெர்னா அக்கா வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார்” என்றார் ரெமி, திரும்பாமலே. “ரெஞ்ச் கொண்டாந்தியளா?”

கொண்டுவரவில்லை.

அக்காதான் சொன்னார். வெள்ளிக்கிழமை கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே ரெமி அவருக்குப் போன் செய்து, ‘மூணு மாத்துனா பத்தாது, ஒரு பிள்ளையையும் ஏத்தாதிய, நான் எல்லாத்தையும் மாத்தித் தாரேன்’ என்றாராம். மதுரையில் ஒரு சகலையிடம் சொல்லி, இருபது ஸ்டட் இன்று காலை பஸ்ஸில் வந்திருக்கிறது. பூசை முடிந்ததும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

“வேல போனவன் எதுக்குடா இதச் செய்தன்னு கேட்டேன்” என்றார் அக்கா. “‘வேல போச்சுன்னா இந்தப் பிள்ளைய அடுத்தவன் பிள்ளையளா ஆயிருமா’ங்கான். நீ எதுக்கு வந்திருக்க?”

சொன்னேன். வெர்னியர், கிரீஸ், பத்து, திங்கட்கிழமைகள், புதன்கிழமை, எல்லாம். அக்கா டார்ச்சை அணைத்தார்.

“பன்னெண்டு பிள்ளைய தம்பி” என்றார்.

“ஆமாங்க்கா.”

“உனக்காக நான் மாதாட்ட வேண்டிக்கிட்டேன். வாராவாரம் பாக்கானே, நல்லா இருக்கணும்னு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ரெமி சுத்தியலைக் கீழே வைத்தார். “அப்பம் கிரீஸ் வைக்கக் கூடாதுங்கியா?” சார் போய்விட்டது. அந்த நேரத்தில் அதைக் கேட்க நன்றாக இருந்தது.

“வைக்கலீன்னா இந்த ஊரு உப்புல ஒட்டிக்குமே. வைக்கணும். ரெஞ்ச்சுல வைக்கிற நம்பரத்தான் குறைக்கோணும். எம்பத்தஞ்சு வச்சு அளந்து பாத்தேன். கொஞ்சங்கூட நீளல.”

“அதான் கைக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.”

“ஆமாங்க. உங்க கை சரி. என் ரெஞ்சும் சரி. நான் வச்ச எண்ணுதான் தப்பு.”

“ரொம்பப் பேசாதல. போய் ரெஞ்ச எடுத்துட்டு வா. கன் விசயத்துல நீ சொன்னது சரிதான், அத நான் இல்லங்கல. கையால முறுக்கி எனக்குத் தோளு கழண்டு கெடக்கு.”

போய் எடுத்துவந்தேன். இருவருமாக முடிக்க மாலை நான்கு. அக்கா சோறு போட்டார். மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். ஊளி மீன் குழம்பு. எனக்குப் பெரிய துண்டு வைத்தார். அதைத் தின்பதுதான் இன்றைய வேலைகளிலேயே கடினமானது.

ஜூலை 7, திங்கள்

அண்ணாச்சி ஜெபம் முடித்துக் கண்ணைத் திறக்கும்போது மேஜையில் வெர்னியரையும் நான்கு ஸ்டட்டையும் வைத்தேன். எல்லாம் சொன்னேன்.

“ரெமி புதன்கிழமையே சொன்னானா?”

“சொன்னாருங்க. நான்தான் நாளைக்குன்னேன்.”

“வெள்ளிக்கிழம அவன நான் வெளிய போன்னு சொல்லும்போது நீ எங்க நின்ன?”

“பக்கத்துலதானுங்க.”

“ம். பக்கத்துலதான் நின்ன.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “சட்டம் போட்டது நீ. அதும்படி நீதான் போவணும்.”

“போறனுங்க. ஆனா என் அட்டவணைப்படி முறுக்குன வண்டி நூத்துச் சொச்சம் வெளிய ஓடுது. அதுல திரும்ப வந்து நான் ஒரு தடவைக்கு மேல முறுக்குனது நாப்பத்தொண்ணு. அதுங்களாவது வந்து போற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்.”

“நாமளே போன் போட்டு, ‘ஐயா, எங்க கட முறுக்குனது தப்பு’ன்னு சொல்லணுங்கியா?”

“ஆமாங்க.”

“கடைய இழுத்து மூடச் சொல்லுத.”

எழுந்து வாசல்வரை போனார். பைபாஸில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. திரும்பிவந்து உட்கார்ந்து போனை எடுத்தார்.

“நம்பரச் சொல்லு. முதல்ல நான் பேசுதேன். கட என் பேருல இருக்கு.”

முதல் நம்பர் வாடிக்கையாளருடையது அல்ல. ரெமிக்குத்தான் பேசினார். பத்தே நிமிடத்தில் ரெமி வந்தார். அண்ணாச்சி அவரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சாவிக்கொத்தை நீட்டி, “இன்னியிலேர்ந்து இன்சார்ஜ் நீ” என்றார்.

ரெமி சாவியை வாங்கவில்லை. “எனக்கு ஒரு கை வேணும் அண்ணாச்சி. ஆளு பத்தாது.”

“யார வைக்க?”

“இவன வையுங்க. ரெஞ்ச் பிடிக்கத் தெரியும். அடுத்தவன் சொன்னாக் கேக்கத்தான் தெரியாது. கெடக்கட்டும்.”

பிட்டராக. ரெமிக்குக் கீழே. சரி என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன், கண் அப்படி இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்தேன். கிரீஸ் வைத்த மரைக்குத் தனி எண்கள், ஒவ்வொன்றும் அளந்து பார்த்து எழுதியவை. கோடு போடும் சட்டத்தில் ‘வீட்டுக்குப் போகவேண்டும்’ என்ற வரியை ரெமி அடித்துவிட்டார். கோடு மட்டும் இருக்கட்டும், யாரிடம் கேட்பது என்று தெரியவேண்டும் அல்லவா என்றார்.

ஜூலை 12, சனி

நாற்பத்தொன்றில் இருபத்தாறு வண்டி வந்தாயிற்று. ஒன்பதில் ஸ்டட் நீண்டிருந்தது. ஒரு ஐஸ் கம்பெனிக்காரர் காது கூசத் திட்டினார். ஒருவர் பழம் வாங்கிவந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் போனில், “இருவது வருசமா வண்டி வச்சிருக்கேன். ஒருத்தனும் போன் பண்ணித் தப்பு பண்ணிட்டேன்னு சொன்னதில்ல. நீங்க ஏதோ ஏமாத்துதிய” என்று வைத்துவிட்டார்.

ஜூலை 19, சனி

வாத்தியார் வீட்டுக்கு நானே போய் வாசலில் வைத்து மாற்றிக் கொடுத்தேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நட்டையும் பார்த்தார். முடிந்ததும், எதற்காக நட்டை முதலில் விரலால் ஏற்றினாய் என்று கேட்டார். சொன்னேன். இனி எந்தக் கடைக்குப் போனாலும் பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்றார். பாருங்கள் என்றேன். நாற்பத்தொன்றும் முடிந்தது.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். கடை அரைநாள். ரெமி வீட்டுக்குப் போய்த் தூக்குவாளியைக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து. அவர் மனைவி உள்ளே எதுவும் இல்லையா என்று ஆட்டிப் பார்த்தார். அடுத்த முறை அம்மாவிடமிருந்து வரும் நெய்யோடு வருகிறேன் என்றேன். பெரிய பெண் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தாள். சொல்லிக் கொடுத்தேன். பொறுமையாகத்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

நேற்று திருவிழா விடுமுறை. இன்று காலை ஏழு மணிக்கே பெர்னா அக்கா முன் டயருக்கு வந்து நின்றார். ரெமி பக்கத்து ஷெட்டில் ஒரு ஜீப்பின் அடியில் இருந்தார். ஜூலை நாலுக்குப் பிறகு வேனின் சக்கரத்தை நான் தனியாகத் தொடவில்லை. ரெமியைக் கூப்பிட்டேன்.

“கை இல்லையா ஒனக்கு? நீயே போடு” என்றது ஜீப்.

கழற்றினேன். மரையைத் துடைத்தேன், கிரீஸ் தடவினேன், ஒவ்வொரு நட்டையும் விரலால் ஏற்றினேன். எதிரெதிராக முறுக்கினேன். எண்பத்தைந்து. ‘டக்’. ஐந்து முறை. மஞ்சள் கோடு போட்டேன்.

அக்கா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி ஜீப்பைப் பார்த்து, “ரெமி, வண்டிய எடுக்கட்டுமா? பிள்ளைய காத்துக்கிட்டு நிக்கும்” என்றார்.

ரெமி ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். எழுந்து வந்து சரிபார்ப்பார் என்று நான் ரெஞ்சை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் வரவில்லை.

“என்ட்ட என்னக்கா கேக்கிய? முறுக்குனது அவன்லா.”

தலை மறுபடியும் உள்ளே போய்விட்டது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

“எடுங்க்கா” என்றேன்.

ஏழு முப்பத்தைந்துக்கு வேன் போனது.